ஆலிஸுக்குச் சொல்லப்படாத காரணம்

இராபர்ட் போல்ட் எழுதி 1960-இல் இலண்டனில் மேடையேறிய 'எக்காலத்துக்கும் ஏற்ற மனிதர்' என்னும் நாடகத்தை, புனித தாமஸ் மோருக்கும் எட்டாம் ஹென்றிக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமாகவே நம்மில் பலர் அறிந்துள்ளோம். 1966-இல் வெளிவந்த திரைப்படமும் அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்திற்று. ஆனால் நாடகத்தில் மன்னன் தோன்றுவது ஒரே காட்சியில்தான். பெரும்பகுதியில் மோர் தம் மனைவியோடும் மகளோடும் நண்பரோடும் வேலையாளோடுமே இருக்கக் காண்கிறோம். தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளாத போல்ட், ஒரு புனிதரின் வீட்டுக்குள் இத்துணை உரிமையோடு நுழைந்தது வியப்பே.

மன்னனின் மறுமணத்தை ஏற்கும் ஆணையுறுதியை மோர் மறுக்கிறார். மறுப்பதற்கான காரணத்தையோ எவரிடமும் சொல்வதில்லை. சட்டம் அவரைத் தொடாதிருக்க அம்மௌனமே அரண். மனைவி ஆலிஸிடமும் அவர் வாய் திறப்பதில்லை. நாளை அவள் விசாரிக்கப்பட்டால், தனக்குத் தெரியாது என்று மெய்யாகவே சொல்லலாம் அல்லவா? அன்பினால் எழுந்த ஏற்பாடுதான் இது. ஆயினும் ஆலிஸ் அதை அன்பாக உணரவில்லை. பதவி போயிற்று, ஆயர்கள் திரட்டிக் கொடுத்த 4,000 பவுண்டையும் கணவர் ஏற்கவில்லை, வீட்டில் குளிர்காயவும் விறகில்லை. ஏன் என்று கேட்கும் உரிமை மட்டும் அவளுக்கு இல்லை. புனிதர்களின் மனைவியரைப் பற்றி நாம் மறையுரையில் பேசுவது எவ்வளவு அரிது!

நார்ஃபோக் கோமகனிடம் மோர் கையாளும் முறை வேறு. தம்மோடுள்ள நட்பு அவருக்கு ஆபத்தாகும் என்றறிந்து, வேண்டுமென்றே இகழ்ந்து பேசி, நண்பரே கை ஓங்கும்வரை சண்டை வளர்க்கிறார். காப்பதற்காகவே புண்படுத்தும் இக்காட்சி நம்மை உலுக்குகிறது. மாறாக, கூலி குறைந்ததால் விலகும் பணியாள் மாத்யூவிடம், உன் பிரிவு எனக்கு வருத்தமே என்கிறார். தன்னிடம் அப்படி என்ன இருக்கிறதென்று அவன் திகைக்கிறான்.

ரிச்சர்ட் ரிச்சின் உறவில்தான் நமக்கு ஒரு தயக்கம். வேலை கேட்டு மன்றாடும் அவ்விளைஞனை, சோதனையைத் தாங்கமாட்டான் என்றறிந்து, ஆசிரியப் பணிக்குப் போகுமாறு மோர் சொல்கிறார். அவர் கணிப்பு பிழையன்று. அவனே பின்னர் பொய்ச்சாட்சி சொல்கிறான். எனினும், பலவீனன் என்றறிந்தும் யூதாசைத் தம்மோடு வைத்திருந்த ஆண்டவரை நினைக்கிறோம். பணப்பை அவனிடமே இருந்தது என்கிறார் யோவான். மோர் செய்தது முன்மதி. அது மட்டும் போதுமா என்ற வினாவை நாடகம் திறந்தே விடுகிறது.

சிறைக் காட்சி இவை எல்லாவற்றையும் விஞ்சி நிற்கிறது. மார்கரெட் கற்றவள், வாயால் உறுதி கூறி உள்ளத்தால் மறுக்கலாமே என்று அறிவுவழி வாதிடுகிறாள். மோர் எளிதில் விடையளிக்கிறார். (வரலாற்றில் மார்கரெட் மூத்த மனைவி ஜேனின் மகள், ஆலிஸ் சிற்றன்னை. போல்ட் இதைக் காட்டவில்லை, அது இழப்பே.) ஆலிஸுக்கோ வாதமே கிடையாது. அவள் கொண்டுவந்த உணவைக் கணவர் புகழ, அவள் சினக்கிறாள். சாவைவிட, தாம் ஏன் சாகிறோம் என்பதை அவள் அறியாதிருப்பதே தமக்கு அச்சம் என்று அவர் அப்போதுதான் ஒப்புக்கொள்கிறார். வாதங்களில் தோற்காத மனிதர் இங்கே கெஞ்சுகிறார். தம் மௌனத்தின் விலையை அவர் காணும் நேரம் இது.

இவ்விடத்தில் ஆலிஸை ஞானம் பெற்றவளாக மாற்றிவிடாதது போல்ட்டின் நேர்மை. அவளுக்கு விளங்கவில்லை, விளங்கவில்லை என்றே சொல்கிறாள். ஆனாலும் தான் கண்டவருள் இவரே நல்லவர் என்கிறாள். கடவுளோ இதுபற்றி வாய் திறக்கவேயில்லை என்று முறையிடுகிறாள். 1535 சூலை 6-இல் மோர் தலை துண்டிக்கப்பட்டார். 1935-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. உடைமைகள் பறிமுதலாகிய வீட்டில் எஞ்சியிருந்தவள் ஆலிஸ்.