அண்மையும் நெருக்கமும்: மட்டாஞ்சேரி காட்டும் ஒரு கலைச்சொற் சிக்கல்

ஒருவர்பால் ஒருவர் ஈர்க்கப்படுதல், காதல் கொள்ளுதல் ஆகியன பற்றிய சமூக உளவியல் ஆய்வுகளைத் தமிழாக்கும்போது எழும் சொற்சிக்கல்களுள் ஒன்று இங்கு ஆராயப்படுகிறது. அண்மையில் என் பார்வைக்கு வந்த மொழிபெயர்ப்பு வரைவொன்றில் 'நெருக்கம்' என்னும் ஒரே சொல் இருவேறு கருத்துகளுக்கு ஆளப்பட்டிருந்தது. ஒன்று, இருவர் வாழும் இடங்களுக்கு இடையேயுள்ள குறைந்த தொலைவு. மற்றொன்று, ராபர்ட் ஸ்டெர்ன்பர்க் 1986-இல் வெளியிட்ட முக்கோணக் கோட்பாட்டில் வேட்கை, கடப்பாடு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் மன ஒன்றிப்பு. இதனால் நெருக்கம் நெருக்கத்தை வளர்க்கிறது என்னும் பொருள்பட ஒரு தொடர் அமைந்துவிட்டது. ஆய்வின் முடிவாக நிற்க வேண்டியது கூறியது கூறலாயிற்று.

இதனை மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்று மட்டும் தள்ளிவிட இயலாது. மூல ஆய்வுகளிலேயே இம்மயக்கத்திற்கு இடமுண்டு. பொசார்டு 1932-இல் பிலடெல்பியா நகரின் 5,000 திருமண உரிமங்களை ஆராய்ந்து, மூன்றில் ஒரு பங்கு இணையர் ஐந்து தெருக்கட்டுகளுக்குள் வாழ்ந்தோர் எனக் கண்டார். ஆனால் அது ஓரினத்தார் ஒரே பகுதியில் கூடி வாழ்ந்த நகரம். பெஸ்டிங்கர், சாக்டர், பேக் ஆகியோரின் 1950-ஆம் ஆண்டு நூல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர் குடியிருப்பில் படிக்கட்டும் அஞ்சற்பெட்டியும் இருந்த இடங்கள் நட்பை எவ்வாறு தீர்மானித்தன என்று காட்டியது. அங்கு வாழ்ந்தோர் திருமணமானவர்கள். கல்வியாலும் நிலையாலும் ஒத்தவர்கள். அளக்கப்பட்டது நட்பேயன்றிக் காதலன்று. முன்பே ஒப்புடையாரிடத்துத் தொலைவு செய்யும் வேலையை இவை காட்டுகின்றன. ஒப்பு மறுக்கப்பட்ட இடத்தில் அதே தொலைவு என்ன செய்யும் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

அவ்வினாவிற்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி தக்க சான்று. அங்குள்ள யூதர் தெருவின் கோடியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் உள்ளது. அக்கூடத்தில் தொழுதோருள் 'மெசுகராரிம்' எனப்பட்டோரும் இருந்தனர். விடுவிக்கப்பட்டோர் என்பது இவ்வெபிரேயச் சொல்லின் பொருள். அடிமை நிலையினின்றும் விடுபட்டோரும் அவர்தம் வழிவந்தோரும் இப்பெயர் பெற்றனர். தெரு ஒன்று, வேதம் ஒன்று, வீட்டில் வழங்கிய மலையாளமும் ஒன்று. எனினும் அவர்களுக்குக் கூடத்தின் இருக்கைகளில் அமரும் உரிமை இல்லை. பரதேசி குடும்பங்களோடு மணவுறவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தனர். பலகால் காண்பதே விருப்பத்தை வளர்க்கும் என்று சயோங்க் 1968-இல் கூறியதை அப்படியே இங்குப் பொருத்தினால் விடை கிடைக்காது.

இந்நிலையை எதிர்த்தவர் அக்குழுவில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சேலம் (1882–1967). கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். சத்தியாக்கிரக முறையில் போராடியமையால் யூத காந்தி எனப்பட்டவர். காலப்போக்கில் இருக்கைத் தடை தளர்ந்தது. 1950-இல் அவர் மகன் ஒரு பரதேசி யூதப் பெண்ணை மணந்தார். மணம் நிகழ்ந்தது கொச்சியிலன்று, பம்பாயில். சில அடி தொலைவில் வாழ்ந்த இருவர் மணக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தது. இருக்கை கிடைத்ததனாலேயே காதல் பிறந்தது என்று துணிய ஒரு நிகழ்வு போதாது. ஆயினும் சமநிலையில் அமையும் தொடர்பே வெறுப்பைக் குறைக்கும் என்று ஆல்போர்ட் 1954-இல் வற்புறுத்தியதோடு இவ்வரிசைமுறை இயைகிறது.

'ஒப்பு' என்னும் சொல்லும் இவ்வாறே எச்சரிக்கை வேண்டுவது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் பத்து ஒப்புகளுள் முதலில் நிற்பவை பிறப்பும் குடிமையும். டான் பைர்ன் ஆய்ந்ததோ பெரிதும் மனப்பான்மைகளின் ஒற்றுமை. இரண்டிற்கும் 'ஒப்பு' என்றே எழுதினால், மெசுகராரிமை விலக்கிய மூத்தோரும் பைர்ன் கோட்பாட்டைப் பின்பற்றியவர்கள் ஆகிவிடுவர். பைர்ன் கருத்திற்கு 'கருத்தொற்றுமை' என்பதே பொருந்தும்.

மலையாளத்தில் 'அடுத்து' இடத்தைச் சுட்ட, 'அடுப்பம்' மனவுறவைச் சுட்டுகிறது. ஒரு வேரே ஆயினும் வடிவம் வேறு. (அம்மொழியின் 'சிநேகம்' அன்பையும் காதலையும் தழுவுவது. அதனைத் தமிழ்ச் 'சினேகம்' என்றே பெயர்த்தால் நட்பாகச் சுருங்கிவிடும்.) தமிழில் 'நெருக்கம்' கூட்ட மிகுதியையும் குறிப்பதால், அதனை மன ஒன்றிப்பிற்கு மட்டும் வரையறுத்து, இடப்பொருளுக்கு 'அண்மை' என்று வழங்கலாம். 'அண்மை' காலத்தையும் குறிக்குமே என்று வரைவின் ஆசிரியர் வினவினார். வினா நியாயமானதே, இக்கட்டுரையின் தொடக்கத்தில் நானும் அப்பொருளிலேயே ஆண்டுள்ளேன். ஆதலின் 'இட அண்மை' என்று விரித்து எழுதுதல் நன்று. பெஸ்டிங்கர் குழுவினர் படிக்கட்டையும் வாயிலையும் கருதி அமைத்த மற்றொரு கருத்திற்குப் 'புழக்கத் தொலைவு' எனலாம். மட்டாஞ்சேரியில் இருக்கைக்கும் தரைக்கும் இடையே இருந்தது கட்டடம் வகுத்த தொலைவன்று, வழக்காறு வகுத்தது. அதற்கு மூல நூலிலும் தனிச்சொல் இல்லை.