அரசாணையை நாம் எப்படி வாசிக்கிறோம்?

போன மாதம் மணலூர்பேட்டையில் ஒரு சின்னக் கூட்டம். ஆற்றோரத்தில் ஒரு வீட்டு மாடி. பத்துப் பதினைந்து பேர். பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள். இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' பற்றிப் பேச்சு. 1939இல் வந்த சிறு நூல். தமிழில் தலித் தன்வரலாறு என்று பேசத் தொடங்கினால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதைப் பலரும் இன்று ஒத்துக்கொள்கிறார்கள். வாசித்துவிட்டு வந்திருந்த ஒரு மாணவர் சொன்னார்: "நடுவுல நடுவுல தீர்மானம், அரசாணை, தேதின்னு வருதுங்க. அத வுட்டுட்டு வாழ்க்கை எங்க வருதோ அத மட்டும் படிச்சேன்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இலக்கியம் வேறு, ஆவணம் வேறு. இந்தப் பிரிவினையைக் கேள்வி கேட்காமல் தலித் விமர்சனத்துக்குள்ளும் நாம் கொண்டுவந்துவிட்டோம். பசி, அவமானம், கோபம் இருந்தால் அது சாட்சியம். அரசாணை எண் இருந்தால் அது பின்னிணைப்பு. சேரிக்காரன் அழலாம், திட்டலாம், பாடலாம். கணக்குக் கேட்கக் கூடாது என்பதுதானே இதன் அர்த்தம்? நம் எழுத்தை ரசிக்கிறவர்களுக்கு இது ரொம்ப வசதி.

சீனிவாசன் அப்படி நினைக்கவில்லை. 1923இல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டவர். 1924 ஆகஸ்ட் 22 அன்று சபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் மற்றவர்களைப் போலவே தாழ்த்தப்பட்டோரும் புழங்கலாம். அதன்மேல் செப்டம்பர் 25 தேதியிட்ட 2660ஆம் எண் அரசாணை வந்தது. இதையெல்லாம் அவர் தன் வாழ்க்கைக் கதைக்குள் வைக்கிறார். தெருவில் நடக்க விடாதது அவர் வாழ்க்கை என்றால், நடக்கலாம் என்று அரசாங்கத்தை அச்சடிக்க வைத்ததும் அவர் வாழ்க்கைதான். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகிறவர் அந்த நூலின் நடுவையே தாண்டிப் போகிறார்.

ஆனால் அந்த அரசாணையைக் கும்பிட்டுப் படிக்கவும் கூடாது. அதன் நடையைப் பாருங்கள். உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. நடப்பதற்கு ஆட்சேபணை இல்லை என்கிற மாதிரியில் பேசுகிறது. யாருடைய ஆட்சேபணை? அரசாங்கத்தினுடையது. ஊர்க்காரன் ஆட்சேபித்தால் அவனை என்ன செய்வது? அதற்குத் தீர்மானத்தில் இடமில்லை. ஒரு கவிதையில் சொல்லாமல் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க நமக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அந்தப் பயிற்சியை இங்கே கொண்டுவர வேண்டும். அரசு மொழியில் விடுபடுவது தற்செயலாக விடுபடுவதில்லை.

பம்பாயில் இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1923 ஆகஸ்டில், எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் இதே மாதிரி பொதுக் குளங்களைத் திறந்துவிட்டது. மகாட் நகராட்சியும் 1924இல் அதை ஏற்றது. தாளில்தான். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். நாம் அதைப் புரட்சி என்கிறோம், சரி. ஆனால் சட்டக் கணக்கில் பார்த்தால் அவர் செய்தது அரசாங்கம் அச்சடித்ததை அமலாக்கியது மட்டுமே. சட்டத்தை மீறியவர்கள் தடி தூக்கி வந்தவர்கள். அதே வருஷக் கடைசியில் அதே ஊரில் மனுஸ்மிருதி எரிந்தது. அந்தத் தீயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். குளம் பொதுவா, தனியாரதா என்ற வழக்கு 1937 வரை பம்பாய் உயர்நீதிமன்றம் போய் ஜெயித்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. காகிதச் சண்டை யாருக்கும் கவிதையாகத் தெரிவதில்லை.

நமக்கு ஒரு சவ்தார் குளம் உண்டென்றால் அது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30இல் 1010ஆம் எண் அரசாணை. நிலம் கொடுக்கப்பட்டது, முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்குள்தான் கைமாற வேண்டும், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனைதான் 1994இல் காரணையில் நம் மக்களின் கையில் இருந்த ஆயுதம். அந்த அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்காரத் தாளை நிறைவேற்றச் சொன்னதற்குக் கூலி அது.

திரமென்ஹீரை நம்மில் சிலர் சாமியாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் மனசாட்சி உள்ள மனிதராக இருக்கலாம். அறிக்கை ரெவின்யூ அதிகாரியின் அறிக்கைதான். அரசு கொடுத்ததும் பெரும்பாலும் தரிசு. நல்ல நஞ்சை மிராசுதாரன் கையில் அப்படியே இருந்தது. அரசும் மிராசும் எங்கே கைகோத்தன என்பதை ரூபா விஸ்வநாத் தன் 'த பறையா பிராப்ளம்' (2014) நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். தெரிந்தே வாசிப்போம். எதிராளியின் கையெழுத்து என்பதால்தான் அது கோர்ட்டில் நிற்கிறது.

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். ஊர் நகரவில்லை, ஃபைல்தான் நகர்ந்தது. மணலூர்பேட்டை தென்னார்க்காட்டில் இருந்தது, 1993இல் விழுப்புரம் பிரிந்தது, 2019இல் கள்ளக்குறிச்சி. ஒரு பழைய பதிவேட்டைத் தேடினால் கடலூருக்குப் போ, விழுப்புரத்துக்குப் போ என்று அலைய விடுகிறார்கள். இதற்கு நடுவில் யு.டி.ஆர். என்கிற நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம், 1979 முதல் 1987 வரை. பழைய பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் இருந்த 'டி.சி.' நிபந்தனை பல ஊர்களில் புதுப் பதிவேட்டுக்கு வரவே இல்லை. பேர் மாறியது, பட்டா மாறியது. யாரும் நிலத்தைப் பிடுங்கவில்லை, ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பழைய செட்டில்மெண்ட் பதிவேடு கையெழுத்துப் படி மட்டும் இல்லை. ஊர் ஊராக அச்சடித்து வைத்தது. தாலுகாவில் கிழிந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்க வழியுண்டு. நானும் இரண்டு பிள்ளைகளும் ஒரு தாலுகா ஆபீசில் நாலு தடவை கேட்டோம். "கரையான் அரிச்சுட்டுது" என்றார் எழுத்தர். எழும்பூரில் நகல் கிடைத்தது. பக்கத்து ஊர்ச் சேரியில் உட்கார்ந்து சர்வே எண் சர்வே எண்ணாக வாசித்தோம். ஓர் ஆயா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "ஏரிக்கு அந்தாண்ட எங்க மாமனாரு கம்பு வெதச்ச கொல்லைன்னு நானுந்தான் சொல்லிக்கினே இருக்கறன். நீ இப்பத்தான் படிச்சியா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆயாவின் பேச்சு மட்டும் இருந்தால் கிழவி உளறல் என்பார்கள். பதிவேடு மட்டும் இருந்தால் அந்த எண் எந்த மேடு, எந்த வரப்பு என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து அச்சடித்தால்தான் அது நம் இலக்கியம். சீனிவாசன் செய்தது அதைத்தான்.

இன்றைய அரசு அச்சும் அப்படி வாசிக்க வேண்டியதே. ஆதிதிராவிடர் நலத்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு வருஷா வருஷம் மானியக் கோரிக்கையோடு வருகிறது. அதில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று முடிகிற வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். யார் எடுக்கிறார், எப்போது முடியும், இரண்டுமே இராது. எழுவாய் இல்லாத வாக்கியம் அரசாங்கத்துக்கு ரொம்பப் பிடிக்கும். ஜனவரி கடைசி வாரத்து மனிதநேய வாரவிழாவுக்கு மட்டும் தேதி துல்லியமாக இருக்கும்.

பட்ஜெட் புத்தகத்தில் 789 என்ற சிறுதலைப்பைத் தேடுங்கள். பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டச் செலவு அந்த எண்ணில் வரும். பழங்குடியினருக்கு 796, கல்வராயன் மலைத் தோழர்கள் அதைத் தேட வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20.01 விழுக்காடு. ஒவ்வொரு துறையிலும் 789க்குக் கீழே நம் பேரில் எழுதிய தொகை என்ன, அது எந்தச் சேரிக்கு வந்தது என்று கேட்கலாம். 2024இல் இதற்கென்று மாநிலச் சட்டமே வந்திருக்கிறது. சட்டத்தையும் பட்ஜெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வாசகர் வட்டம் ஊருக்கு ஒன்று இருந்தால் போதும்.

அந்தப் பதிவேட்டு நிலத்தின் இன்றைய அனுபோகதாரர் யார், நிபந்தனை எந்த உத்தரவால் நீங்கியது என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை. பிரிவு 19(1)இன்படி முதல் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறோம். கம்பு வெதச்ச கொல்லையின் நாலு எல்லையையும் ஆயா சொல்லச் சொல்ல, அந்த மாணவர்தான் எழுதுகிறார்.