வாகையும் வாணிகமும்

வீரனின் பெயர் அவன் பெற்ற வெற்றியாற் பரவுவது. அப்பெயரால் விளையும் பொருள் யாருக்கு உரியது? மாணவராகிய மெய்வல்லுநர் விளம்பரத்தால் ஊதியம் பெறலாமோ என்னும் வழக்கு இவ்வினாவினுள் அடங்கும்.

பழந்தமிழர் போரில் வீழ்ந்தோனுக்கு நடுகல் நாட்டி, அதன்கண் அவன் பெயரையும் சிறப்பையும் பொறித்தனர். ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற போர்வைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80, 81, 82ஆம் பாட்டுக்களிற் பாடினார். ஈரிடத்தும் பெயர் புகழுக்கு உரியதேயன்றி விலைக்கு உரியதன்று. மட்டக்களப்பின் கொம்பு விளையாட்டிலோ தனியொருவன் பெயர் முன்னிற்பதில்லை. வெற்றி வடசேரிக்கோ தென்சேரிக்கோ உரியதாகும்.

இத்தகைய மரபுகளைக் காட்டி, விளையாட்டிற் பொருள் புகுதல் இழுக்கென்பர் ஒருசாரார். அக்கூற்று முற்றும் பொருந்தாது. ஒலிம்பிய விழாவில் வென்றோர்க்கு 500 திராக்மா அளிக்கச் சோலன் விதித்தான் எனப் புளூட்டாக் எழுதியுள்ளார். பொருள் பெறாத ஆட்டமே தூயது என்னும் கொள்கை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய உயர்குடியினர் வலியுறுத்தியது. உழைத்துண்ண வேண்டாதார்க்கே அஃது எளிதாயிற்று. அமெரிக்கப் பழங்குடி மாணவரான ஜிம் தோர்ப் 1912இல் ஸ்ரொக்ஹோமில் இரு பொற்பதக்கங்கள் வென்றார். முன்னர்ச் சிறுகூலிக்குப் பந்தாடினார் என்பதனால் 1913இல் அவை பறிக்கப்பட்டன. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே, 1983இல், பதக்கங்கள் குடும்பத்தாரிடம் அளிக்கப்பட்டன. தனி வெற்றியாளர் என்னும் நிலை 2022இலேதான் மீண்டது.

அமெரிக்கக் கல்லூரிகள் நுழைவுச்சீட்டாலும் ஒளிபரப்பாலும் பெரும்பொருள் ஈட்டின. மாணவர் தம் பெயரால் ஈட்டுதலையோ தடுத்தன. தம் உருவம் உடன்பாடின்றிக் கணினி விளையாட்டொன்றில் இடம்பெற்றதைக் கண்ட முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஒபானன் 2009இல் வழக்கிட்டார். 2019இல் கலிபோர்ணியா சட்டமியற்றியது; 2021 யூலை 1 முதல் அத்தடை நாடெங்கும் தளர்ந்தது. தாம் பெறுவதை மாணவர்க்கு மறுத்த நிறுவனங்கள் தூய்மை பேசியது முரணன்றோ?

இலங்கையிலும் வாணிகம் பாடசாலை மைதானத்துக்குப் புதிதன்று. 1991இல் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி மாணவர் முத்தையா முரளிதரன் சிறந்த பாடசாலைத் துடுப்பாட்ட வீரராகத் தெரிவுசெய்யப்பட்டார். அவ்விருது பாட்டா நிறுவனத்தின் பெயர் தாங்கியது. பின்னாளில் மொபிட்டலின் பெயர் தாங்கியது. இளைஞரைச் சிறப்பித்தல் நற்செயலே. ஆயினும் மாணவன் ஆட்டத்தால் நிறுவனத்தின் பெயரும் பரவுகின்றது என்பதை மறத்தல் கூடாது.

எனினும் சந்தை நடுவுநிலையான நீதிபதியன்று. அது திறமையை மட்டும் நோக்காது. முகப்பொலிவையும், பார்ப்போர் தொகையையும், நகரத்தின் அண்மையையும் நோக்கும். வாவிக்கரைச் சிற்றூரில் வெறுங்காலுடன் ஓடும் மாணவியை அஃது எளிதிற் காணாது. பந்தை எறிந்தவனுக்கு விளம்பரமும், அவனுக்குத் துணைநின்றவனுக்கு மறதியுமாயின் அணியின் ஒற்றுமை குலையும். ஒப்பந்தத்தின் பொருளறியாது கையெழுத்திடும் இளைஞன் தன் பெயரையே பிறர்க்கு அடகுவைத்தவனாவான்.

ஆதலின் தடையும் தீர்வன்று. கட்டற்ற விற்பனையும் தீர்வன்று. பெயர் மாணவனுக்கே உரியதெனக் கல்லூரி ஒப்புதல் வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துணர அவனுக்குக் கற்பித்தல் வேண்டும். பராயமடையாதார் பெற்றோர் அறியாது கட்டுப்படாமற் காத்தல் வேண்டும். கல்லூரிக்கு வரும் அனுசரணைப் பொருளில் ஒரு பங்கு பெயர் பெறாத ஆட்டங்களுக்கும் சேர்தல் வேண்டும். தனியொருவன் உரிமையும் சேரியின் வெற்றியும் ஒருங்கே நிற்பதற்கு இதுவே வழியாகும்.