வயல்காரர் சம்மதம்: ஷினானோ ஆற்றங்கரைக் கலை

ஜப்பானின் மிக நீளமான ஆறு ஷினானோ. நீளம் 367 கிலோமீட்டர். அது நீகாட்டா மாநிலத்தின் தெற்கில் தோகாமாச்சி நகரையும் சுனான் ஊரையும் தொட்டுப் போகும் மலைநாட்டுக்கு எச்சிகோ-சுமாரி என்று பெயர். பரப்பு 760 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் வீட்டின் கீழ்த்தளம் மறையுமளவு பனி கொட்டும் நாடு. 2000 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை இங்கே கலைவிழா நடந்துவருகிறது. ஊரார் பங்கேற்கும் பொதுக்கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் படைப்பின் பெருமையையோ, பார்க்க வந்தவர் தொகையையோதான் பெரும்பாலும் முன்னிறுத்துகிறார்கள். இரண்டும் இரண்டாம்பட்சம் என்பது என் முடிவு. மண்ணுக்கு உரியவர் ‘சரி, செய்யுங்கள்’ என்று சொல்லும் இடத்தில்தான் ஒரு படைப்பு பொதுவாகிறது. விழா முடிந்த மறுநாளும் அவர் அதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்போதுதான் அது ஊருடையதாகிறது.

முதல் விழாவில் யுகிஹிசா இசோபே செய்ததை எடுத்துக்கொள்வோம். இவர் அமெரிக்காவில் இயன் மெக்ஹார்க்கிடம் சூழலியல் திட்டமிடல் பயின்றவர். அணையும் நீர்த்திருப்பமும் வருவதற்கு முன் ஷினானோ வளைந்து ஓடிய பழைய தடம் இன்று நெல்வயல். அந்தத் தடத்தைக் கண்டறிந்து, விளைந்து நின்ற வயல்களின் ஊடே மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக மஞ்சள் கம்பங்களை வரிசையாக நட்டார். ‘ஆறு எங்கே போயிற்று’ என்பது தலைப்பு. சிற்பம் என்று சொல்ல அங்கே எதுவுமில்லை. பச்சைக்கு நடுவே மஞ்சள் வரி மட்டும் வளைந்து வளைந்து போகிறது. ஆனால் ஒவ்வொரு கம்பமும் யாரோ ஒருவருடைய வயலில் நிற்கிறது. நாலு வயல்காரர் மறுத்திருந்தால் ஆறு நடுவிலேயே அறுந்துபோயிருக்கும். வரைபடத்தில் இசோபே கண்ட ஆற்றை நிலத்தில் முழுதாக்கியது வயல்காரர்களின் சம்மதம். 2003இல் அவர் சாரக்கட்டு எழுப்பி, ஷினானோ ஒருகாலத்தில் இன்றைய மட்டத்துக்கு 25 மீட்டர் மேலே ஓடியதைக் காட்டினார். 2011 நிலநடுக்கத்தில் சுனானில் மலை சரிந்து சேறு பாய்ந்த எல்லையையும் பின்னாளில் இதே மஞ்சள் கம்பங்களால் குறித்தார். மூன்றிலும் கலைஞர் புதிதாக எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. நிலம் மறைத்து வைத்திருப்பதைத்தான் நிலத்துக்காரர்களோடு சேர்ந்து வெளியே எடுத்தார். இந்த விழாவில் நான் முதலிடம் தருவது இவற்றுக்குத்தான்.

சம்மதம் எளிதில் கிடைத்துவிடவில்லை. விழா இயக்குநர் ஃபிராம் கிதகாவாவின் திட்டத்தை உள்ளூர் மன்றங்கள் கடுமையாக எதிர்த்தன. அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசவேண்டியிருந்தது. 1999இல் தொடங்கவேண்டிய விழா ஓராண்டு தள்ளிப்போனது. முதல் விழாவுக்கு இடம் கொடுத்த ஊர்கள் 28. 2015இல் அது 110 ஆனது. இல்யா, எமிலியா கபகோவ் தம்பதியின் ‘படிவயல்கள்’ இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். ஷிபுமி ஆற்றுக்கு அக்கரையில் படிவயல்களில் உழுபவர், விதைப்பவர், நடவு செய்பவர் உருவங்கள் நீலத்திலும் மஞ்சளிலும் நிற்கின்றன. இக்கரை மேடையில் தொங்கும் எழுத்துகளினூடே பார்த்தால் எழுத்தும் உருவமும் ஒன்றாகப் பொருந்தும். அந்த வயலின் உரிமையாளர் முதலில் தயங்கினார். சாகுபடியையே விட்டுவிட நினைத்திருந்தவர். முன்னோர் உழைப்பைத்தான் இந்தப் படைப்பு சொல்கிறது என்று புரிந்தபின் ஒப்புக்கொண்டார். மேலும் சில ஆண்டுகள் உழவும் செய்தார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விழாவுக்கு வந்தவர் எண்ணிக்கை 2000இல் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். 2015இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. ஆனால் ஊர்களின் மக்கள்தொகை குறைந்துகொண்டேதான் வந்தது. அப்படியானால் கலை எதைச் சாதித்தது? முதுமையும் இடப்பெயர்வும் நாடு முழுவதும் நடப்பவை. மஞ்சள் கம்பம் அவற்றை நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது, கோயில் தேரோட்டம் மழை கொண்டுவரவில்லை என்று குறைசொல்வதைப் போன்றது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: ஊர்க் கிழவிகள் நகரத்து விருந்தினருக்குச் சமைத்துப் போடும் வேலைக்காரர்களாகிவிட்டார்களே என்பது. கன்யூ என்ற சிற்றூரில் 2004 நிலநடுக்கத்தில் சேதமான பண்ணைவீட்டைச் சீர்செய்து, மட்பாண்டக் கலைஞர்கள் அடுப்பும் பாண்டங்களும் வனைந்து, 2006இல் உணவுக்கூடமாகத் திறந்தார்கள். அங்கே சமைப்பதும் பரிமாறுவதும் ஊர்ப் பெண்கள். கறிகாய் அவர்கள் தோட்டத்தது. சமையற்கட்டு அவர்கள் கையில் இருக்கும்வரை இதை ஏவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கைமாறும் நாளில் இந்த மறுப்பு உண்மையாகிவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் கலையின் எல்லை தெரிகிறது. தலைநகரத்து ரயில்கள் ஓட, தோகாமாச்சியின் மியானகா அணையிலிருந்து ஷினானோவின் நீர் மின்நிலையங்களுக்குத் திருப்பப்படுகிறது. அனுமதித்த அளவை மீறி எடுத்தது தெரியவந்து 2009இல் உரிமை ரத்தாயிற்று. மறு ஆண்டே, ஆற்றில் கூடுதல் நீர் விடுவதாக ஏற்றபின், திரும்பக் கிடைத்தது. இதைத் தீர்த்தது சட்டமும் நிர்வாகமும்தான், கலை அல்ல. ஆனால் ‘ஆறு எங்கே போயிற்று’ என்ற கேள்வியை வயல்காரர்கள் அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே தங்கள் வயலில் நட்டு வைத்திருந்தார்கள்.

உழ ஆளில்லாத படிவயல்களை வெளியூரார் பொறுப்பேற்க 2003இல் ஒரு வயல் வங்கி தொடங்கியது. 2015இல் இங்கே ஒரு பெண்கள் கால்பந்து அணியும் உருவானது. அதன் வீராங்கனைகள் இங்கேயே குடிவந்து பந்தாடுகிறார்கள். இந்தப் படிவயல்களில் நடவும் அறுவடையும் செய்கிறார்கள்.