பெயர் பெறாத் தலைவியும் பேச்சுப் பெறாத் தலைவனும்

செங்கத்தை ஆண்ட நன்னன்மேல் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தின் வழியே ஓடும் செய்யாற்றை அது சேயாறு என்கிறது. நவிர மலையையும் நன்னனையும் பெயர் சுட்டியே பாடுகிறது. புறப்பாட்டாதலின் தடையில்லை. பத்துப்பாட்டுள் உடனிருக்கும் குறிஞ்சிப்பாட்டும் மலைநிலத்ததே. மலர்களின் பெயரை அத்துணை விரிவாக அடுக்கும் கபிலர், காதலர் இருவர் பெயரை மட்டும் சொல்லார். அன்பின் ஐந்திணையில் எவரையும் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி.

இவ்விதியை ஆழ்வார்கள் உடைத்தெறிந்தனர் என்பார் கூற்று பாதியே பொருந்தும். திருவாய்மொழியில் தலைவனுக்குத் திருநாமமும் உண்டு, திவ்யதேசமும் உண்டு. கடவுளர் பற்றிய காமப் பகுதியைப் பாடாண் திணையில் தொல்காப்பியமே இசைந்திருத்தலின், இதனை மீறல் என்பதும் மிகை. தலைவிக்கோ பெயரில்லை. பராங்குச நாயகி என்பது சம்பிரதாயம் வழங்கிய பெயர். பாசுரத்துள் அவள் தாய்க்கு மகள், தோழிக்குத் தோழி, அவ்வளவே. சடகோபன் என்னும் பெயர் பதிகத்தின் இறுதியில் வருவது பாடியவர் பெயராகவேயன்றிக் காதலித்தவள் பெயராக அன்று. இன்னாருக்கு உரியவள் என்பதே அடையாளமாகும் சேஷத்வத்திற்கு இந்தப் பழைய கட்டுப்பாடு எவ்வளவு இசைவானது!

உண்மையான கட்டுப்பாடு தலைவன்மேல் விழுந்துள்ளது. பெண் பேச்சாக அமைந்த 27 திருவாய்மொழிகளில் மகள் பேச்சு 17, தாய் பேச்சு 7, தோழி பேச்சு 3. அகப்பாட்டில் நெஞ்சோடும் பாங்கனோடும் ஓயாது பேசும் தலைவனுக்கு இங்கு ஒன்றுமில்லை. ஸர்வ ஸ்வதந்த்ரனான ஒருவனுக்கே வாய் திறக்க இடமில்லை. மூவர் பேச்சையும் ஆழ்வார் ஒருவருடைய மூன்று நிலைகளாக ஆசார்ய ஹ்ருதயம் நிர்வகிக்கிறது. அந்நிர்வாகத்தில் நான்காம் குரலுக்கு இடமேது?

திருவிருத்தத்தில் தலைவன் பேசுகிறான். ஆயினும் ஸ்வாபதேசத்தில் அது ஆழ்வார் பெருமையில் ஈடுபட்ட பாகவதர் வார்த்தையாகிவிடுகிறது. கவி தந்த சுதந்திரத்தை இங்கு வியாக்கியானமே சுருக்கியது எனத் தோன்றும். ஆழ்வாரினும் மிக்க விடாய் எம்பெருமானுக்கு உண்டு என்று பிற இடங்களில் உருகிச் சொல்லும் பூர்வாசாரியர்கள் அவ்விடாயை அவன் வாயாலேயே கேட்க இசையாதது, மேலெழப் பார்க்குமிடத்து, வியப்பே. ஆனால் ஏழாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். தன்னைத் தானே பாடிக்கொள்ள எம்பெருமான் தம்மை வாயாகக் கொண்டான் என்று ஆழ்வார் நன்றி கூறுவது அங்கேதான். 27 பதிகங்களில் ஒரு சொல்லும் பெறாத தலைவன், அவ்விடத்தில் 1102 பாசுரங்களையும் பாடியவனாகிறான்.