பைன்ஹர்ஸ்ட்: மூலமும் பாடமும்

'மீட்டமைப்பு' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் தட்டிவிடும். யாரிடமிருந்து மீட்பது, எந்த நாளுக்கு மீட்பது என்ற இரண்டு கேள்விகளையும் அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. ஒரு கோல்ஃப் மைதானத்தை வைத்து இதைப் பேசுவது நம் சூழலில் விபரீதமாகப் படலாம். (நான் கோல்ஃப் ஆடுகிறவன் அல்ல. படங்களையும் ஒளிபரப்புகளையும் பார்த்து, படித்து எழுதுகிறேன்.) ஆனால் ஒருவரின் படைப்பில் பிறர் கைவைப்பதற்கு இவ்வளவு ஸ்தூலமான உதாரணம் இலக்கியத்தில் சுலபமாகக் கிடைக்காது.

அமெரிக்காவின் வட கரோலினாவில், மணல் குன்றுப் பிரதேசத்தில் இருக்கிறது பைன்ஹர்ஸ்ட். அங்குள்ள இரண்டாம் எண் மைதானம் 1907இல் திறக்கப்பட்டது. அமைத்தவர், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய டானல்ட் ராஸ். அவர் அங்கேயே வாழ்ந்து, 1948இல் சாகும்வரை அதைத் திருத்திக்கொண்டேயிருந்தார். குழி இருக்கும் 'கிரீன்' பரப்புகூட 1930களின் நடுப்பகுதிவரை புல் அல்ல, மணல். அவருக்குப் பின் வந்தவர்கள் புல்லைப் பரப்பினார்கள். ஆட்டப்பாதைகள் குறுகின, மணலும் காட்டுப்புல்லும் மறைந்தன. எங்கும் ஒரே பச்சை, தொலைக்காட்சிக்கு உகந்த பச்சை. 1999, 2005 யு.எஸ். ஓபன் போட்டிகள் இந்தக் கோலத்தில்தான் நடந்தன.

2010இல் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் வேலையை ஏற்று மறு வருஷம் முடித்தார்கள். சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். நீர் தெளிக்கும் முனைகள் ஏறத்தாழ 1150 இருந்தது 450 ஆயிற்று. அவர்களுக்கு முக்கிய ஆதாரம் இரண்டு. 1943இல் வானிலிருந்து எடுத்த படங்கள் ஒன்று. மற்றது, மண்ணுக்கடியில் கிடந்த பழைய தண்ணீர்க் குழாய். பாதையின் நடுவே ஒற்றை வரிசையாகப் போன குழாய் அது. தண்ணீர் எட்டிய மட்டும் புல். எட்டாத இடம் காய்ந்து, மணலாகி, பைன் மரங்களோடு கலந்துவிடும். விளிம்பை வரைந்தது தண்ணீரின் வீச்சு. அந்தக் குழாயிலிருந்து பாதையின் அகலத்தை இவர்கள் படித்தெடுத்ததை உயர்ந்த விமர்சனச் செயல் என்றே சொல்வேன். 2014 போட்டியின்போது, மைதானம் பழுப்படித்துக் கிடக்கிறது என்று முனகியவர்கள் உண்டு. அலங்காரம் நீங்கிய கவிதையை 'வறட்சி' என்றவர்களின் வாரிசுகள், விட்டுவிடலாம்.

என் தகராறு வேறு இடத்தில். பாதையில் இவ்வளவு துணிந்தவர்கள் கிரீன்களை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டில் மட்டும் சிறு மாற்றம். ராஸின் முத்திரை என்று உலகம் கொண்டாடுவதோ இந்தக் கிரீன்களைத்தான். ஆமை ஓடு போல நடு உயர்ந்து, சற்றே பிசகி விழும் பந்தையும் வெளியே உருட்டிவிடுபவை. ஆனால் பராமரிப்புக்கென்று கிரீன்மேல் வருஷா வருஷம் மணல் தூவுவார்கள். அது சேர்ந்து சேர்ந்து, ராஸ் விட்டுப்போனதைவிட மேடு உயர்ந்துவிட்டது என்று விஷயம் தெரிந்தவர்கள் சிலர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. மூலகர்த்தாவின் உச்சம் என்று நாம் மேற்கோள் காட்டும் வரி, ஏடு பெயர்த்தெழுதியவர்கள் சேர்த்ததாக இருந்தால் என்ன செய்வோமோ, அதே சங்கடம்.

பாதை 1943இல், கிரீன் 2010இல். இந்த மைதானம் இதற்கு முன் எந்த வருஷத்திலும் இருந்ததில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மேட்டை வெட்டித் தணித்திருந்தால் ஒரு நல்ல ஆட்டம் போயிருக்கும். 2024இல் பிரைசன் டிஷாம்போ கடைசிக் குழியில், 55 கஜம் தள்ளி மணல் பள்ளத்திலிருந்து அடித்த பந்தை அப்படியொரு மேட்டில் நிறுத்தி, ஒரே அடி வித்தியாசத்தில் ஜெயித்ததைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் 1943க்கு என்ன விசேஷம்? படம் கிடைத்த வருஷம் என்பதுதான். ராஸ் அதன்பிறகும் ஐந்து வருஷம் உயிரோடிருந்தார், திருத்துகிற கையோடு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானித்தவர்கள் கூரும் கிரென்ஷாவும். அவர்கள் பெயரை ராஸின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடலாம்.