பெயர் வெட்டாத பாத்திரம்: கைப்பேசிப் பாட்டுச் செயலிகள் – ஒரு திறனாய்வு

தமிழில் தொகை நூல் என்பது பழைய வழக்கம். பல புலவர் பாடிய பாட்டுகளை ஒருவர் தேடிச் சேர்ப்பார், இன்னொருவர் பொருள் கொடுத்துச் சேர்ப்பிப்பார். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னன். நாம் இன்று பிழைக்க வந்து குடியிருக்கும் இந்தச் சேர நாட்டிலிருந்துதான் ஒரு தமிழ்த் தொகை நூலுக்குப் பணம் போயிருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்வதில்லை.

இன்றைக்கு நம் சட்டைப் பையில் ஒரு தொகை நூல் கிடக்கிறது. ஸ்பாட்டிஃபை, ஜியோ சாவன், யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக் என்று பல பெயர்கள். மாதச் சந்தா கட்டினால் விளம்பரத் தொல்லை இல்லாமல் கேட்கலாம். இதில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். தன்னிடம் 10 கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள் இருப்பதாகச் சொல்கிறது. இவற்றை வெறும் இயந்திர வசதி என்று பார்க்காமல், தொகை நூல் என்று வைத்து, தொகுத்தவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்தாரா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். சும்மா சொல்லக் கூடாது, இது பெரிய வசதிதான். பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் ஒரு காலத்தில் கோவை வானொலி, அல்லது மாலையில் இரைச்சலோடு வரும் இலங்கை வானொலி. மூணாறு, தேவிகுளம், உடும்பன்சோலைக் காரர்களுக்குப் பின்னால் கோடை எப்.எம். வந்தது. அவர்கள் போட்டதைத்தான் நாம் கேட்க வேண்டும். பிறகு கேசட். வேண்டிய பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் பதிந்து வைப்பார், அடுத்த வாரம் போய் வாங்கலாம். இப்போது மஞ்ஞப்ராவில் பிறந்த எம்.டி. இராமநாதனின் நிதானமான பாட்டை வாளையாறு தாண்டும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறேன். அவசரமே அறியாத அந்தப் பாட்டுக்கும் அந்த பஸ்ஸின் வேகத்துக்கும் ஒரு பொருத்தமும் இல்லை, அது கிடக்கட்டும். கேட்க முடிகிறதே.

குறை தொடங்குவது பெயரில். நமக்கு இது சின்ன விஷயமல்ல.

பரிபாடலை எடுத்துக்கொள்வோம். எழுபது பாட்டில் முழுதாக நமக்குக் கிடைத்தவை 22. அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் மூன்று செய்திகள் உண்டு: பாட்டு இயற்றியவர் யார், இசை வகுத்தவர் யார், பண் எது. ஆசிரியன் நல்லந்துவனார் எழுத, மருத்துவன் நல்லச்சுதனார் இசை அமைத்து, பண் பாலையாழ் என்று பிசகில்லாமல் பதிவு இருக்கிறது. பாடலாசிரியர் வேறு, இசையமைப்பாளர் வேறு, இருவருக்கும் தனித்தனி இடம் உண்டு என்பதை அன்றைக்கே ஓலையில் எழுதி வைத்தார்கள். குறுந்தொகையில் இன்னும் ஒரு படி மேலே. புலவர் பெயர் தெரியாமல் போனால், அவர் பாட்டில் வரும் அழகான தொடரையே எடுத்து செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று பெயர் வைத்தார்கள். பெயரில்லாமல் பாட்டை உள்ளே விட அவர்களுக்கு மனசு வரவில்லை.

இப்போது செயலியைத் திறந்து ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். படத்தின் சுவரொட்டி தெரியும். அதன் கீழே ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று ஒரே வரியில் சில பெயர்கள் வரும். பாடியவரும் இசையமைத்தவரும் காற்புள்ளி போட்டு ஒரே வரிசையில் நிற்பார்கள். யார் என்ன செய்தார் என்று அந்த வரி சொல்லாது. பாட்டை எழுதியவர் பெயர் அந்த வரியில் அநேகமாக இருக்காது. மூன்று புள்ளியைத் தொட்டு உள்ளே போனால் சில பாட்டுகளுக்கு உண்டு, சிலவற்றுக்கு அங்கேயும் இல்லை.

என் பேத்தி ஒருநாள் கேட்டாள்: “தாத்தா, இந்தப் பாட்ட யாரு எழுதுனாங்க? சிங்கரே எழுதிப் பாடுவாங்களா?” அவள் படிப்பது மலையாளப் பள்ளி. தமிழ் எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள். அவள் மனப்பாடமாக அறிந்த தமிழ் என்று எண்ணினால் ஏழெட்டுத் திருக்குறள், மீதி எல்லாம் சினிமாப் பாட்டு. எல்லைப் பகுதியில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் இதுதான் நிலை. அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டுதான் தமிழ்ப் புத்தகம். அந்தப் புத்தகத்தில் ஆசிரியர் பெயரைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்று ஒருவர் 29 வயதுக்குள் அவ்வளவும் எழுதிவிட்டு 1959-இல் போய்ச் சேர்ந்தார் என்பதும், மறையூர் வழியாக மலை இறங்கினால் வரும் உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் உடுமலை நாராயணகவி என்று பெயர் எடுத்தார் என்பதும் அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. கொஞ்சம் விவரம் தெரிந்த பெரியவர்கள்கூட பழைய பாட்டு என்றால் எல்லாம் கண்ணதாசன் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

முன்பு இந்த வேலையைச் செய்தது தியேட்டர் வாசலில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை என்று அழகாக உச்சரித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். படிக்காதவர்களும் அதைக் கேட்டே மருதகாசி யார், கா.மு. ஷெரீப் யார் என்று தெரிந்துகொண்டார்கள்.

நம் ஊர்க்காரர் எம்.எஸ். விஸ்வநாதனுக்கும் இதே கதி. 1928-இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். டி.கே. ராமமூர்த்தியோடு சேர்ந்து இசையமைத்து 1965-இல் பிரிந்தார். இரட்டையராக இருந்த காலத்துப் பாட்டு சிலவற்றில் ஒருவர் பெயர் மட்டும் இருப்பதை நானே பார்த்தேன். தேடுவதும் சிரமம். முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தால் ஒரு பட்டியல், வைக்காவிட்டால் இன்னொரு பட்டியல், எம்.எஸ்.வி. என்று போட்டால் மூன்றாவது. எல்லாம் ஆங்கில எழுத்தில். தமிழ்ப் பாட்டின் முதலடியை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரமும் ளகரமும் ஆளுக்கொரு விதமாக ஆகிவிடுகின்றன. பதிந்தவர் எப்படி எழுதினாரோ அதை நாம் ஊகிக்க வேண்டும்.

கர்நாடக இசையில் குறை இன்னும் ஆழமானது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி மேடை ஏறுவதற்கு முன் இளங்கோவடிகள் யார் யாரைப் பேசுகிறார் என்று பாருங்கள்: ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன். ஒவ்வொருவருக்கும் தனியே இலக்கணம். ஆடுகிறவள் ஒருத்திதான், ஆனாலும் தண்ணுமை வாசிக்கிறவனை அடிகள் விட்டுவிடவில்லை. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) அந்தத் தண்ணுமை ஆசிரியன் வரிசையில் வந்தவர். 1966-இல் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது. மிருதங்க வித்துவான் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. அவர் வாசித்த கச்சேரிப் பதிவு செயலியில் பெரும்பாலும் பாடகர் பெயரில் மட்டும் கிடக்கிறது. வயலின் யார், மிருதங்கம் யார் என்று காது தேர்ந்தவர்தான் சொல்ல வேண்டும். கச்சேரியைத் துண்டு துண்டாக நறுக்கியும் வைத்திருக்கிறார்கள். ஆலாபனை ஒரு துண்டு, கீர்த்தனை ஒரு துண்டு, தனி ஆவர்த்தனம் ஒரு துண்டு. கலைத்துப் போடும் பொத்தான் தெரியாமல் அழுத்தி இருந்தால், தோடி ஆலாபனை முடிந்ததும் குத்துப்பாட்டு வருகிறது! சாப்பாட்டுப் பந்தியில் ரசத்துக்கு அடுத்து இட்லி வைத்தாற்போல.

இனி வியாபாரிக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். நான் பாத்திரக் கடை வைத்திருப்பவன். பாத்திரத்தை விற்பதும் உண்டு, கல்யாணத்துக்கு அண்டா, குண்டான் வாடகைக்குக் கொடுப்பதும் உண்டு. வாங்கின பாத்திரத்தில் பெயர் வெட்டித் தரச் சொல்வார்கள். இன்னார் இன்னாருக்குக் கொடுத்தது என்று இருக்கும். ஐம்பது வருஷம் கழித்தும் பேரன் வாசித்துத் தெரிந்துகொள்வான். வாடகைப் பாத்திரத்தில் யாரும் பெயர் வெட்டச் சொல்வதில்லை. செயலியில் நாம் எடுப்பது வாடகை. வாடகை தப்பு என்று நான் சொல்லவில்லை, எனக்கே அதில் வருமானம் உண்டு. ஆனால் ‘டவுன்லோடு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பாட்டு நம்முடையதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்த பாட்டுக்கு 30 நாளுக்கு ஒரு தடவையாவது கைப்பேசி இணையத்தில் தலைகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாடாது. சந்தா நின்றாலும் அப்படித்தான். சிக்னல் சரியாக எட்டாத எஸ்டேட் லயங்களில் இருக்கிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

கடையே மூடினாலோ? ரெஸ்ஸோ என்ற செயலி 2024 ஜனவரி 31-ஆம் தேதியோடு இந்தியாவில் நின்றது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் அதே 2024-இல் மூடப்பட்டது. அதற்கு முன், 2023 மார்ச்சில், ஜீ மியூசிக் கம்பெனியோடு உடன்படிக்கை முடியாததால் பல இந்திப் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து திடீரென்று காணாமற் போயின. சந்தா கட்டினவரிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் நோன்பு முடிக்கும்போது நூலைப் படியெடுத்துத் தானம் செய்வது பழக்கம், சாத்திர தானம் என்று பெயர். ஒரே ஏடு பல ஊரில் இருந்தது. அதனால்தான் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைத் தேடியபோது அது கிடைத்தது, 1887-இல் அச்சேறியது. எல்லாப் பிரதியும் ஒரே இடத்தில், அதுவும் வாடகைக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் எம்.டி. இராமநாதனை மட்டுமே கேட்டால் என் சந்தா அந்தக் கணக்குக்குப் போகும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. பெரும்பாலான செயலிகளில் எல்லார் சந்தாவும் ஒரே உண்டியலில் விழுகிறது. மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு உரிமையாளர்களுக்குப் போவதாக ஸ்பாட்டிஃபை சொல்கிறது. அந்தப் பங்கு, மொத்தக் கேட்பில் எந்தப் பாட்டு எத்தனை விழுக்காடு என்ற கணக்கில் பிரிகிறது. ஊரெல்லாம் கேட்கும் புதுப் பாட்டுக்கு என் பணத்திலிருந்தும் போகும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதி: கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுரிமைப் பணமே கிடையாது. சின்ன ஊர்க் கலைஞனுக்கு இது எத்தகைய அடி என்பதை வியாபாரம் தெரிந்தவர்கள் உணர்வார்கள். சாவுண்ட்கிளவுட் என்ற நிறுவனம் 2021-இல், சின்னக் கலைஞர்கள் பலருக்கு, கேட்பவர் பணத்தை அவர் கேட்ட கலைஞருக்கே சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆகவே வேறு விதமாகச் செய்ய முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை.

இதற்கும் சேர நாட்டில் முன்மாதிரி உண்டு. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் புலவர் பெயரோடு அவர் பெற்ற பரிசிலையும் எழுதி வைத்திருக்கின்றன. கபிலருக்குச் செல்வக்கடுங்கோ வாழியாதன் கொடுத்தது நூறாயிரம் காணம், அதற்கு மேல் நன்றா என்னும் குன்றில் ஏறி நின்று கண்ட நாடு. குமட்டூர்க் கண்ணனாருக்கு இமயவரம்பன் உம்பற்காட்டில் ஐந்நூறு ஊரும், தென்னாட்டு வருவாயில் பாகமும் கொடுத்தான். வருவாயில் பாகம்! இன்றைய ‘ராயல்டி’ அதுதானே. நம் நாட்டுச் சட்டத்திலும் 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியர், இசையமைப்பாளர் இருவருடைய ராயல்டி உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. 2024 ஏப்ரலில் இளையராஜா பாடல்களின் உரிமை வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தபோது, வரிகள் இல்லாமல் பாட்டு இல்லையே, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று நீதிமன்றம் கேட்டது செய்தியாக வந்தது. ஆகவே பெயர் போடுவது மரியாதைக்காக மட்டும் அல்ல. பேரேட்டில் பெயர் இல்லாதவனுக்கு எந்தக் கடையில் பற்று வரவு எழுதுவார்கள்?

கடைசியாக, இந்தத் தொகையில் வராதவை. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தோட்டத் தொழிலாளர் நடுவே தமிழில் பாடினார், அவர் ஜெயித்தார். அன்றைய முதல்வர் இ.எம்.எஸ். அந்த வெற்றியைப் பாவலருடைய வெற்றி என்றே பாராட்டியதாகப் பாவலரின் தம்பி இளையராஜா சொல்லியிருக்கிறார். அவை தோட்டத்தில் நின்று பாடிய மேடைப் பாட்டுகள், கம்பெனிக்காரன் இசைத்தட்டுக்குப் பாடியவை அல்ல. தம்பியின் பெயரைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது. அண்ணன் பெயரைத் தட்டிப் பார்த்தேன், அந்தத் தேர்தல் பாட்டில் ஒன்றுகூட வரவில்லை. அவற்றைக் காதால் கேட்ட முதியவர்கள் மூணாறு, தேவிகுளம் லயங்களில் இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். நம் சங்கத்து இளைஞர்கள் கையில் இருக்கும் அதே கைப்பேசியில் ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கிறது. அதற்குச் சந்தா கிடையாது.